பழைய மரக்கட்டடத்தைக் காப்பது எப்படி: தாங்குகல் முதல் முகடு வரை

ஜப்பானின் நாரா அருகே ஹோர்யூஜி கோயில் இருக்கிறது. அதன் ஐந்தடுக்குக் கோபுரத்தின் நடுத்தூணுக்கான மரம் 594இல் வெட்டப்பட்டது என்று ஆண்டுவளைய ஆய்வு காட்டியது. 1,300 ஆண்டுகளுக்கும் மேலாக நிற்கும் அந்தத் தூணின் அடிப்பகுதி தொடக்கத்தில் மண்ணுக்குள் புதைந்திருந்தது. புதைந்த பகுதி உளுத்து, அந்த இடம் குழியாகிவிட்டது. காற்றில் இருந்த பகுதி இன்றும் உறுதி. ஒரே மரம், ஒரே வயது. வேறுபாடு ஈரம் மட்டுமே.

மரக்கட்டடப் பாதுகாப்பில் முக்கால் பங்கு வேலை இதற்குள் அடங்கிவிடும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தங்குகிறது, எப்படி வெளியேறும் என்று தெரிந்துகொள்ளாமல் உளியைக் கையில் எடுக்கக் கூடாது. உளுத்த தூணை மாற்றிவிட்டு ஒழுகும் கூரையை அப்படியே விட்டால், புதுத்தூணும் அதே வழியில்தான் போகும். இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே போகிறது: முதலில் பதிவு, பிறகு தண்ணீர், பிறகு நோயறிதல், அதற்குப் பிறகே வெட்டும் ஒட்டும்.

1. தொடுவதற்கு முன் பதிவு செய்யுங்கள்

கட்டடம் முழுவதற்கும் ஒரு கட்ட வரைபடம் போடுங்கள். நீளவாக்கில் எழுத்துகள், அகலவாக்கில் எண்கள். ஒவ்வொரு தூண், உத்தரம், கைமரம் (கூரையின் சாய்வுச் சட்டம்), போதிகை (தூண் தலையில் உத்தரத்தைத் தாங்கும் கட்டை), நிலைச்சட்டத்துக்கும் அதிலிருந்து ஒரு குறியெண் வரும்: 'தூண் இ-3', 'உத்தரம் இ3–இ4' என்பதுபோல. சாக்பீஸால் எழுதியது ஒரு மழையில் அழியும். ஆணியடித்த தகடு மரத்தைப் பிளக்கும். பருத்தி நூலில் கட்டித் தொங்கவிடும் அலுமினியத் தகட்டில் எண்ணைப் பொறித்துவிடுவது எளிது, பின்னர் எடுக்கவும் முடியும்.

அளவு வரைபடம்: தரைப்படமும் குறுக்குவெட்டும் 1:50 அளவில் போதும். பொருத்துகளை 1:5 அளவில் வரைய வேண்டும். தச்சன் எந்தப் பக்கம் குடுமி (துளைக்குள் நுழையும் முளை) விட்டான், எந்தப் பக்கம் துளை வெட்டினான், மர ஆணி எந்தத் திசையிலிருந்து அடிக்கப்பட்டது என்பதில்தான் அந்தக் கட்டடம் எந்த வரிசையில் கோக்கப்பட்டது என்ற செய்தி ஒளிந்திருக்கிறது. பிரிக்க நேர்ந்தால் அந்த வரிசையைப் பின்னிருந்து முன்னாகப் பின்பற்ற வேண்டும்.

நிழற்படங்களிலிருந்து முப்பரிமாண மாதிரி செய்வதானால் அடுத்தடுத்த படங்கள் ஒன்றன்மேல் ஒன்று குறைந்தது 60 விழுக்காடு, முடிந்தால் 80 விழுக்காடு படியும்படி எடுங்கள். ஒவ்வொரு தொகுப்பிலும் ஓர் அளவுகோல் தெரிய வேண்டும். வெயில் நேரடியாக விழும் பொழுதைத் தவிருங்கள்; கடும் நிழல் பொருத்துகளை மறைத்துவிடும்.

கண்ணுக்கு அழுக்காகத் தெரிவதையெல்லாம் துடைத்துவிடாதீர்கள். தச்சர்கள் உளியால் கீறிய எண்கள், கரிக்கோடுகள், வாய்ச்சி (மரம் செதுக்கும் கருவி) விட்ட தழும்புகள், பழைய வண்ணப்பூச்சின் அடுக்குகள், புகைக்கரி ஆகிய எல்லாமே ஆவணங்கள். ஒரு மூலையில் ஒரு தாளின் அளவுக்காவது துடைக்காத பகுதியை விட்டுவைத்தால், அடுத்த தலைமுறைக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடம் இருக்கும்.

கட்டடத்தைப் போலவே அதை அறிந்தவர்களையும் பதிவு செய்ய வேண்டும். வயதான தச்சர் ஒருவர் இருந்தால் அவரைக் கட்டடத்துக்கே அழைத்து வந்து, ஒவ்வொரு உறுப்பையும் தொட்டுக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லுங்கள், ஒலிப்பதிவு செய்யுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். வரைபடத்தில் அவர் சொன்ன பெயரையே எழுதுங்கள்.

2. தண்ணீரின் வழியைத் தேடுங்கள்

இதற்கு நல்ல நேரம் கொட்டும் மழை. குடையோடு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். பிறகு கூரைக்குள் ஏறிக் கைவிளக்கால் பாருங்கள். கீழ்க்காணும் இடங்களைத் தவறவிடாதீர்கள்.

கூரையின் பள்ளத்தாக்கு: இரண்டு சரிவுகள் சேரும் இடம். இலையும் தூசும் அடைத்தால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் பின்னேறும். ஒழுகும் இடத்துக்கு நேர்மேலே பெரும்பாலும் ஓட்டை இருக்காது. நீர் கைமரத்தின் வழியே சில மீட்டர் தூரம் ஓடிவந்து பொருத்தில் சொட்டும். ஆகவே கறையிலிருந்து மேல்நோக்கித் தேடுங்கள்.

இறவாரம்: கைமர முனைகள் வெட்டுமுகத்தோடு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மரத்தின் வெட்டுமுகம் பக்கவாட்டு முகத்தைவிடப் பன்மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். செடியில் நீர் ஏறிய அதே குழாய்கள் அங்கே வாய் திறந்திருக்கின்றன. முனையில் மூடுபலகை இல்லையென்றால் அங்கேதான் முதலில் உளுக்கும்.

தூண் அடி: தரைமட்டம் காலப்போக்கில் உயர்ந்துவிடும். மண் சேரும், புதுத்தளம் போடுவார்கள், சாலை மேலேறும். நூறாண்டுக்கு முன் கல்மீது நின்ற தூண் இப்போது மண்ணுக்குள் நிற்கும். மரத்தின் கீழ்விளிம்புக்கும் வெளித்தரைக்கும் இடையே 15 முதல் 20 செ.மீ. வெற்றிடம் வேண்டும். தரை, சுவரிலிருந்து வெளியே முதல் 3 மீட்டருக்குள் 15 செ.மீ. இறங்கிச் சரிய வேண்டும்.

நார்வேயின் தூண்தேவாலயங்கள் இந்தப் பாடத்தைப் பட்டறிந்து கற்றவை. அங்கே முற்காலத்தில் கட்டிய தேவாலயங்களின் தூண்களை நேரடியாக மண்ணில் நட்டார்கள். அவை உளுத்து மறைந்தன. பிறகு கல் அடித்தளத்தின்மேல் கீழ்ச்சட்டம் வைத்து அதன்மேல் தூணை நிறுத்தினார்கள். அப்படிக் கட்டிய ஊர்னெஸ், போர்குன்ட் தேவாலயங்கள் 12ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றுவரை நிற்கின்றன.

சிமென்ட்: தூண் அடி தேய்ந்திருக்கிறது என்று சுற்றிலும் கான்கிரீட் வார்ப்பது மிகப் பரவலான தவறு. மரம் உலரும்போது சுருங்கி, கான்கிரீட்டுக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய இடைவெளி விழும். மழைநீர் அதற்குள் இறங்கும், வெளியே வர வழியிருக்காது. வெளியில் பார்க்கக் கெட்டியாக இருக்கும்; உள்ளே தூண் பஞ்சாகியிருக்கும். இதைக் கண்டால் தூணுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, கான்கிரீட்டைச் சிறிய உளியால் கொஞ்சங்கொஞ்சமாகப் பெயர்த்தெடுங்கள். அதிர்வுச் சுத்தியல் வேண்டாம்.

தண்ணீரின் வழியை அடைத்த பிறகு காத்திருக்க வேண்டும். தடித்த உத்தரம் உலர மாதக்கணக்காகும். சில வேளை ஓராண்டையும் தாண்டும். வெப்பக்காற்று ஊதி அவசரப்படுத்தினால் வெளித்தோல் முதலில் சுருங்கி மரம் வெடிக்கும். சன்னல்களைத் திறந்து வைத்து, அடைத்துக் கிடக்கும் காற்றுத் துளைகளைச் சுத்தம் செய்தால் போதும். குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனையின் மர அழிச் சாளரங்கள் அழகுக்காக மட்டும் வைத்தவையல்ல. அவை வெயிலையும் சாரலையும் தடுத்துக்கொண்டே காற்றை நாள்முழுதும் ஓடவிடுகின்றன. பழங்கட்டடத்தில் இப்படிப்பட்ட காற்றுவழிகளைக் கண்ணாடி போட்டு அடைப்பது மரத்துக்குக் கேடு.

3. நோயறிதல்

மூன்று கருவிகள் போதும்: சிறு சுத்தியல், குத்தூசி, ஈரப்பத மீட்டர்.

சுத்தியலின் மரப்பிடி முனையால் தூணை அடியிலிருந்து மேலாக ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். திடமான மரம் 'கணீர்' என்று ஒலிக்கும். உள்ளே உளுத்தது 'பொத்' என்று மங்கும். மங்கிய இடத்தில் குத்தூசியை மரநாருக்குக் குறுக்கே அழுத்துங்கள். நல்ல மரத்தில் ஓரிரு மில்லிமீட்டருக்குமேல் இறங்காது. ஊசியால் நெம்பும்போது நீளச் சிம்பாக உரிந்தால் மரம் நலமாக இருக்கிறது. சிம்பு பட்டென்று குறுக்கே முறிந்து உதிர்ந்தால் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிட்டது.

ஈரப்பத மீட்டரின் அளவு 18 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 20ஐத் தாண்டினால் கவனிப்பு தேவை. 28–30ஐ எட்டிவிட்டால் மரத்தின் உயிரணுச் சுவர்கள் நீரால் நிறைந்துவிட்டன என்று பொருள்; பூஞ்சைக்கு அது விருந்து. மேற்பரப்பை மட்டும் அளந்து ஏமாறாதீர்கள். உறையிட்ட நீள ஊசிகளால் 25–30 மி.மீ. ஆழத்திலும் அளக்க வேண்டும். மீட்டரில் மரவகைக்கான திருத்தத்தைப் பயன்படுத்துங்கள். உப்புக் காற்றில் இருந்த மரமும், முன்பே உப்புவகை மருந்து பூசிய மரமும் உண்மையைவிட அதிக அளவைக் காட்டும். ஒரே நாள் அளவை வைத்து முடிவெடுக்காமல், அதே புள்ளியில் மாதம் ஒருமுறை அளந்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள்.

உளுப்பின் தோற்றமே அதன் வகையைச் சொல்லும். மரம் பழுப்பாகி, சிறு கனசதுரங்களாக வெடித்து, விரலில் பொடியாக நசுங்கினால் பழுப்பு உளுப்பு. இது தாங்குதிறனை வேகமாகத் தின்றுவிடும்; எடை சிறிதே குறைந்திருக்கும்போதே வலிமை பெரும்பகுதி போயிருக்கும். வெளுத்து, நார் நாராகப் பஞ்சுபோல் ஆனால் வெள்ளை உளுப்பு.

பூச்சிகளில் தரைக்கறையான் மண்குழாய் கட்டி வரும். அதற்கு மண்ணோடு தொடர்பும் ஈரமும் வேண்டும். உலர்மரக் கறையான் மண்ணே தேவைப்படாமல் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும். கசகசா அளவில், ஆறு பட்டை கொண்ட எச்ச மணிகள் சிறு குவியலாகக் கொட்டிக் கிடந்தால் அது இதன் வேலை. மரவண்டு 1–2 மி.மீ. வட்டத் துளைகளை விடும். துளையிலிருந்து விழும் தூள் முகப்பூச்சு மாவுபோல மிருதுவாக இருந்தால், கடினமரத்தின் வெளிறுப் பகுதியை (பட்டையை ஒட்டிய இளமரம்) தின்னும் தூள்வண்டு. வைரம் பாய்ந்த நடுமரத்துக்குள் அது பெரும்பாலும் போவதில்லை. ஆகவே வெளிறு முழுக்கச் சல்லடையாகி இருந்தாலும் தூணின் நடுப்பகுதி தாங்கும் நிலையில் இருக்கலாம். துளைகளைப் பார்த்ததும் தூணை மாற்றத் துடிக்கக் கூடாது.

துளைகள் பழையவையா, பூச்சி இப்போதும் உள்ளே இருக்கிறதா? தூளை முழுக்கத் துடைத்துவிட்டு, துளைகள்மேல் மெல்லிய தாளை நீரில் கரையும் பசையால் ஒட்டுங்கள். வண்டுகள் வெளிவரும் வெப்பப் பருவம் முடிந்ததும் பாருங்கள். தாளில் ஓட்டை விழுந்திருந்தால் உயிருள்ள தாக்குதல். புதுத்துளையின் விளிம்பு கூர்மையாக, உள்மரத்தின் வெளிர்நிறம் தெரியும்படி இருக்கும். பழைய துளையின் விளிம்பு மங்கி, தூசடைந்திருக்கும். நூறாண்டுக்கு முன் செத்துப்போன வண்டுக்கு மருந்தடிக்கும் வேலை இந்தத் துறையில் நிறையவே நடக்கிறது.

4. முட்டுக் கொடுத்தல்

எடை தாங்கும் எந்த உறுப்பையும் வெட்டுவதற்குமுன் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரின் கணக்கு வேண்டும். அதில் சமரசம் கூடாது. கூரையின் எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது என்பதைக் கையால் தடவிக் கண்டுபிடிக்க முடியாது. பிற்காலத்தில் எழுப்பிய ஒரு தடுப்புச் சுவர்கூட எடையைத் தாங்கத் தொடங்கியிருக்கலாம்.

முட்டின் அடியில் அகலப் பலகை வைத்து எடையைப் பரப்புங்கள். தலைப்பில் மரத்துக்கும் ஜாக்கிக்கும் இடையே கடினமரச் சக்கையும் தடித்த கம்பளித் துணியும் வையுங்கள். உத்தரத்தின் அடிமுகம் செதுக்குவேலை கொண்டதாக இருந்தால் அந்த இடத்தைத் தவிர்த்து இருபுறமும் தாங்குங்கள். ஜாக்கியைத் தூக்கிய உடனே எஃகு முட்டாலோ ஆப்புகளாலோ பூட்டிவிட வேண்டும். எண்ணெய் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் ஜாக்கியை நம்பி யாரும் அடியில் நுழையக் கூடாது.

தூண் தளர்வதற்கு அரை மில்லிமீட்டர் தூக்கினாலே பெரும்பாலும் போதும். தாழ்ந்துபோன சட்டகத்தைப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவரவேண்டுமென்றால் ஒரு நாளுக்கு 1–2 மி.மீ. வேகத்தில் போங்கள். ஒவ்வொரு முறையும் தூரத்துப் பொருத்துகளையும் சுவர் விரிசல்களையும் பாருங்கள். பல பத்தாண்டு எடையில் வளைந்த உத்தரம் அந்த வளைவிலேயே நிலைத்துவிடும். அதை நிமிர்த்தியே தீருவது என்று அழுத்தினால் பொருத்து பிளக்கும். வளைவு கூடாமல் நிற்கிறதென்றால், அப்படியே விடுவதே நல்லது.

ரஷ்யாவின் கிஷி தீவில் 1714இல் எழுந்த, 22 கும்பங்கள் கொண்ட மரத்தேவாலயத்தைச் சீரமைத்தபோது, மேலுள்ள அடுக்குகளை ஜாக்கிகளில் தாங்கி நிறுத்திவிட்டு, கீழேயிருந்து ஒவ்வோர் அடுக்காக வெளியே எடுத்துப் பழுது பார்த்துத் திரும்பக் கோத்தார்கள். அந்த அளவுக்கு வசதி எல்லோருக்கும் இருக்காது. ஆனால் நெறி ஒன்றுதான்: முழுவதையும் பிரிக்காமல், நோயுள்ள பகுதியை மட்டும் வெளியே எடு.

5. தூண் அடியைப் பழுது பார்த்தல்

பழைய கட்டடங்களில் அடிக்கடி வரும் வேலை இதுதான். ஆகவே சற்று விரிவாகவே பார்ப்போம். 150 மி.மீ. சதுரத் தூண், அடியில் 25 செ.மீ. உயரம் உளுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முழுத்தூணையும் மாற்ற வேண்டியதில்லை. குத்தூசி திடமாக நிற்கும் இடத்தைக் கண்டு, அங்கிருந்து சற்று மேலே தள்ளிக் கோடு போடுங்கள். அதற்கு மேலே பாதிக்குப் பாதி ஒட்டுப்பொருத்து வெட்ட வேண்டும்: பழையதிலும் புதியதிலும் பாதித் தடிமனை எடுத்துவிட்டு ஒன்றன்மேல் ஒன்று படியவைப்பது. பொருத்தின் நீளம் தூண் அகலத்தைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு; இங்கே ஏறத்தாழ 38 முதல் 45 செ.மீ. ஒட்டுமுகத்தின் இரு முனைகளையும் நேர்க்கோணத்தில் விடாமல், ஒன்றையொன்று கவ்வும்படி உட்சாய்வாக வெட்டுங்கள். அப்போது எடை ஏறும்போது துண்டுகள் பக்கவாட்டில் விலகாது. வெளியில் தெரியும் கிடைக்கோடு மழைச்சாரல் படாத உட்பக்கம் வருவது நல்லது. வேறு வழியில்லாமல் வெளிப்பக்கம் வந்தால், தண்ணீர் உள்ளே நிற்காமல் வெளியே வழியும்படி சாய்வு இருக்கட்டும்.

புதுத்துண்டுக்கான மரம்: அதே இனம், அதே அடர்த்தி, ஏறத்தாழ அதே வளைய நெருக்கம். வெளிறு அறவே இருக்கக் கூடாது. ஈரப்பதம் பழைய தூணிலிருந்து 2–3 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் பச்சை மரத்தை வைத்தால் என்ன ஆகும்? பச்சையிலிருந்து முற்றிலும் உலரும்போது மரம் வளையப் போக்கில் 6 முதல் 10 விழுக்காடு சுருங்கலாம், ஆரப் போக்கில் அதில் ஏறத்தாழ பாதி. 150 மி.மீ. துண்டு சில மில்லிமீட்டர் இளைத்துவிடும். இறுக்கமாக வெட்டிய பொருத்து ஆடத் தொடங்கும். நீளவாக்கில் மரம் மிகச் சிறிதே சுருங்கும் என்பதால் தூணின் உயரம் மாறாது. புதுத்துண்டின் நார் பழைய தூணின் நாரோடு ஒரே போக்கில் செல்ல வேண்டும்.

பழைய துண்டு விறைப்பாக நிற்க, புதுத்துண்டை அதற்கேற்ப வெட்டுங்கள். பழைய மரத்தில் எடுக்கும் ஒவ்வொரு சீவலும் திரும்பி வராது. ஒட்டுமுகங்களில் நீலப்பொடி தடவிச் சேர்த்துப் பிரித்தால் எங்கே முட்டுகிறது என்று தெரியும். அந்த இடத்தைப் புதுத்துண்டில் மட்டும் இழையுங்கள். கத்திமுனை நுழையாத இறுக்கம் வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

பிணைக்க 18–20 மி.மீ. மர ஆணிகள் மூன்று அல்லது நான்கு, ஒரே நார்வரிசையில் வராமல் மாற்றி மாற்றி. ஆணிக்கான மரம் நேர்நார் கொண்டதாக, இழுத்துப் பிளந்ததாக, சட்டகத்தைவிட உலர்ந்ததாக இருக்க வேண்டும். அறுத்த மர ஆணியில் நார் குறுக்கே அறுபட்டிருக்கும், அடிக்கும்போதே முறியும். உலோகம் கட்டாயம் என்றால் துருப்பிடிக்காத எஃகு. சாதாரண இரும்பு மரத்தின் துவர்ப்போடு சேர்ந்து கறுக்கும், துருப்பிடித்து உப்பி மரத்தைப் பிளக்கும்.

தூண் அடியின் விளிம்புகளைச் சிறிது சரிவாகச் சீவுங்கள். தாங்குகல்லின் மேல்முகம் குழிவாக இருந்தால் அதில் நீர் தேங்கும். நடுவில் இலேசாக உயர்ந்து ஓரங்களில் சரியும்படி கொத்த வேண்டும். கல்லிலிருந்து தூணுக்குள் ஏறும் சிறு குடுமியோ முளையோ முன்பே இருந்திருந்தால் அதைக் கண்டிப்பாகத் திரும்ப வையுங்கள். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் காத்மண்டுவின் காஷ்டமண்டபம் இடிந்தது. பிறகு அகழ்ந்து பார்த்தபோது அடித்தளம் உறுதியாகவே இருந்தது. முற்காலச் சீரமைப்பில் நான்கு பெருந்தூண்களில் ஒன்று தாங்குகல்லோடு இருந்த பிணைப்பை இழந்திருந்தது தெரியவந்தது. தரைக்கு அடியில் மறைவது யாருக்கும் தெரியாது என்று விட்டுவிடும் சிறு பொருத்துதான் ஆட்டம் வரும்போது தேவைப்படும்.

வேலை முடிந்ததும் புதுத்துண்டில், எளிதில் கண்ணில் படாத முகத்தில், ஆண்டைச் சூட்டுக்கோலாலோ உளியாலோ பொறியுங்கள். புதிதைப் பழையதுபோல் ஏமாற்றும் வண்ணம் பூசத் தேவையில்லை. அருகிலிருந்து பார்த்தால் எது புதிது என்று தெரிய வேண்டும். தொலைவில் நின்றால் உறுத்தக் கூடாது. மரக்கட்டட மரபுக்காக ஐக்கோமோஸ் என்ற பன்னாட்டு நினைவுச்சின்னப் பாதுகாப்பு அமைப்பு 1999இல் ஏற்று, 2017இல் புதுப்பித்த நெறிகளும் இதையே சொல்கின்றன.

உத்தர முனைகள்: சுவருக்குள் செருகிய முனை உளுத்திருந்தால் ஒட்டுப்பொருத்து வேறு கணக்கு. வளைவு விசை அங்கே வேலை செய்வதால் பொருத்து இன்னும் நீளமாகும், அல்லது சுவரிலிருந்து ஒரு தாங்கியை நீட்டி உத்தரத்தின் நல்ல பகுதியைத் தாங்கலாம். இரண்டாவது வழியில் பழைய மரத்தில் கை வைக்கவே தேவையில்லை என்பதால் முதலில் அதைத்தான் பரிசீலிக்க வேண்டும். எப்படிச் செய்தாலும், சுவர்க்குழிக்குள் முனையைச் சுற்றி 20–25 மி.மீ. காற்றிடைவெளி விடுங்கள். சாந்தால் பூசி மூடாதீர்கள்.

எப்பாக்ஸி பற்றி: உளுத்த குழியில் பிசின் ஊற்றி நிரப்புவது வேகமான வேலை. உள்ளே, உலர்ந்த இடத்தில், சிறு குழிக்குச் சரி. வெளிப்புறத்தில் மரம் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும், பிசின் அசையாது. ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும், தண்ணீர் இறங்கும், பிசின் அதை உள்ளேயே பூட்டிவைக்கும். பிசினைப் பின்னால் பிரித்தெடுக்கவும் முடியாது. வெளியில் அதைத் தவிர்ப்பதே எங்கள் பரிந்துரை.

6. எவ்வளவு மாற்றலாம்?

இதற்கு ஒரே விடை கிடையாது. ஜப்பானிலேயே இரண்டு விடைகள் உண்டு. ஈசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதுமரத்தில் முழுவதும் கட்டுகிறார்கள். கடைசியாக 2013இல் கட்டினார்கள். அங்கே காக்கப்படுவது தச்சுக்கலையும் வடிவமும். ஹோர்யூஜியில் காக்கப்படுவது அந்த மரமே. மரபுச் சின்னங்களின் உண்மைத்தன்மை பற்றிய 1994இன் நாரா ஆவணம் இந்த வேறுபாட்டை ஏற்றது: எது உண்மையான தொன்மை என்பதை ஒவ்வொரு பண்பாடும் தன் மரபுக்குள்ளிருந்தே தீர்மானிக்கலாம்.

உங்கள் ஊர்க் கட்டடத்துக்கு ஈசே நெறியைப் பயன்படுத்த வேண்டுமென்றால் மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். அங்கே அப்படி மாற்றிக் கட்டும் மரபு முன்பே இருந்ததா? அதே கைவேலை தெரிந்த தச்சர்கள் இருக்கிறார்களா? அதே தரத்தில் மரம் கிடைக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் மாற்றாதீர்கள், ஒட்டுப்போடுங்கள். நெருக்கமான வளையங்களோடு மெதுவாக வளர்ந்த முதுமரத்துக்கு, வேகமாக வளர்த்த தோட்டமரம் பெரும்பாலும் ஈடாகாது. இரண்டிலும் வைரத்தின் பங்கு வேறு, தாக்குப்பிடிக்கும் காலம் வேறு.

7. பூச்சி மருந்து

ஈரத்தைக் குறைத்தால் தரைக்கறையானும் பூஞ்சையும் பெரும்பாலும் தாமே விலகும். அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் போரான் உப்புக் கரைசல் மனிதருக்குக் குறைந்த தீங்கு தருவது. 10–15 விழுக்காட்டு வலுவில், தூரிகையால் இரண்டு மூன்று முறை, முன்பூச்சு உறிஞ்சியவுடனே அடுத்ததாகப் பூசுங்கள். வெட்டுமுகங்களிலும் பொருத்துக் குழிகளிலும் தாராளமாக விடுங்கள். வண்ணப்பூச்சோ மெழுகோ மேலிருந்தால் உள்ளே இறங்காது. போரான் நீரில் கரையும் என்பதால் மழை படும் முகத்தில் சில ஆண்டுகளில் கழுவிப்போய்விடும். அங்கே பூசிவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது.

செதுக்குவேலை, ஓவியம் கொண்ட சிறு உறுப்புகளுக்கு மருந்தைவிட ஆக்சிஜன் இல்லாச் சூழல் நல்லது. காற்றுப்புகா உறையில் வைத்து, ஆக்சிஜனை 1 விழுக்காட்டுக்கும் வெகுவாகக் கீழே இறக்கிப் பல வாரங்கள் வைத்தால் முட்டை உட்பட எல்லாம் சாகும். மரத்தில் எதுவும் தங்காது.

ஓர் எச்சரிக்கை. பழைய கட்டடங்களில் முன்னவர்கள் டிடிடி, ஆர்செனிக் சேர்ந்த மருந்துகள், ஈயம் கலந்த வண்ணப்பூச்சு ஆகியவற்றைப் பயன்படுத்தியிருக்கலாம். உப்புத்தாள் தேய்ப்பதற்குமுன் ஒரு சிறு மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். தேய்க்கும்போது தூசுவடிகட்டி முகமூடி கட்டாயம்.

8. துப்புரவும் மேற்பூச்சும்

மென்தூரிகையும் உறிஞ்சியும் முதலில். பிறகு பிழிந்த ஈரத்துணி, தேவையென்றால் நடுநிலைச் சோப்பு மிகக் குறைவாக. உயரழுத்த நீரும் மணல் வீச்சும் வேண்டவே வேண்டாம். இவை மென்மையான இளவேனில் வளையத்தைத் தின்று, கடின வளையத்தைப் பள்ளத்தாக்கின் வரப்புபோல் நிறுத்திவிடும். வாய்ச்சித் தழும்புகள் ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

வெயில் பட்டு வெளிறி நரைத்த மேற்பரப்பு நோயல்ல. மென்மரம் வெயிலிலும் மழையிலும் நூறாண்டுக்கு ஏறத்தாழ 6 மி.மீ. தேயும். அந்த நரையை இழைத்து எடுத்தால், நூறாண்டுத் தேய்மானத்தை ஒரே நாளில் நீங்களே செய்ததாகும்.

பூச்சு பூசும் மரபு அந்தக் கட்டடத்துக்கு உண்டா என்று முதலில் பாருங்கள். இல்லாத பூச்சைப் புதிதாகத் தொடங்க வேண்டாம். இருந்தால், ஆளிவிதை எண்ணெய் அடிப்படையிலான பூச்சு மூச்சு விடும். கைக்கு ஒட்டாத அளவுக்கு மெல்லிய படலமாக, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் குறைந்தது ஒரு நாள் இடைவெளி விட்டு, இரண்டு மூன்று முறை. தடிமனாகப் பூசினால் மேல்தோல் சுருங்கி உள்ளே பிசுபிசுக்கும். ஈரமான தட்பவெப்பத்தில் காய்ச்சாத பச்சை எண்ணெயை வெறுமனே பூசினால் கருப்புப் பூசணம் பிடிக்கும். தடித்த பிளாஸ்டிக் படலமாகும் வார்னிஷ் ஓரிடத்தில் வெடித்தால் போதும். உள்ளே புகும் நீரை அது வெளியே விடாது.

எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது சூடு வெளிவிடும். குவிந்த துணி தானாகவே தீப்பற்றும். விரித்து வெளியில் உலர்த்துங்கள், அல்லது நீர் நிறைந்த மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.

9. தீ

நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்த மரக்கட்டடத்தை ஒரே இரவில் இழக்கச் செய்வது தீ. சீரமைப்புக் காலமே மிக ஆபத்தானது. பாரிஸ் நோத்ர தாமின் ஓக் மரக் கூரை 2019 ஏப்ரல் 15 அன்று சீரமைப்பு நடந்துகொண்டிருந்தபோதே எரிந்தது. ஹோர்யூஜியின் பொன்மண்டபச் சுவரோவியங்கள் 1949 ஜனவரி 26 அன்று, பழுதுபார்ப்புக் காலத்தில்தான் தீயில் கருகின. மறு ஆண்டே ஜப்பான் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. ஜனவரி 26ஐ இன்றும் அங்கே தீத்தடுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

பணியிடத்தில் வெல்டிங், ஊதுவிளக்கு, அரைக்கும் சக்கரம் எதையும் கட்டடத்துக்குள் அனுமதிக்காதீர்கள். தவிர்க்கவே முடியாதென்றால் எழுத்துமூலம் அனுமதி, கையில் தீயணைப்பான், வேலை முடிந்து குறைந்தது ஒரு மணி நேரம் அதே இடத்தில் ஆள் காவல். மாலையில் முதன்மை மின்சாரத்தை அணைத்துவிட்டே போக வேண்டும். பழைய துணியுறை மின்கம்பிகளை முழுவதும் அகற்றுங்கள். புதியவற்றை உலோகக் குழாய்க்குள், மரத்தைத் துளைக்காமல் கொண்டுபோங்கள். சீவலையும் மரத்தூளையும் அன்றன்றே வெளியேற்றுங்கள். உயரக் கட்டடத்துக்கு இடிதாங்கி. தீயணைப்புத் துறையினரை ஆண்டுக்கு ஒருமுறை நேரில் அழைத்து, வண்டி எங்கே நிற்கலாம், நீர் எங்கே கிடைக்கும், முதலில் எதை வெளியே எடுக்க வேண்டும் என்று காட்டிவைப்பது நல்லது.

10. ஆண்டுச் சுற்று

மழைக்கு முன்னும் பின்னும், ஆண்டுக்கு இரண்டு முறை: கூரைப் பள்ளத்தாக்கையும் நீர்த்தாரையையும் சுத்தம் செய்தல், நழுவிய ஓட்டைத் திரும்ப வைத்தல், தூண் அடிகளில் சேர்ந்த மண்ணை அகற்றல், சுவரைத் தொடும் செடிகொடிகளை வெட்டல். மழை நடுவில் ஒருமுறை கூரைக்குள் ஏறிப் பார்த்தல். வெப்பப் பருவ முடிவில் தாள் ஒட்டிய துளைகளைச் சோதித்தல். மாதம் ஒருமுறை குறித்த புள்ளிகளில் ஈரப்பத அளவு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுச் சுத்தியல் சோதனை.

இந்த வேலைகளுக்குப் பொறுப்பாளர் ஒருவரும், அவரோடு கற்கும் இளையவர் ஒருவரும் இருக்க வேண்டும். ஜப்பானிய மரக்கட்டடப் பாதுகாப்பு நுட்பங்களை யுனெஸ்கோ 2020இல் மானுடத்தின் பண்பாட்டு மரபாகப் பட்டியலில் சேர்த்தபோது, அது ஏற்றது கட்டடங்களை அல்ல, கைகளில் இருக்கும் அறிவை. ஒட்டுப்போடும் நாள்களில் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடம் கொடுங்கள். மரத்துண்டில் ஒரு துளையும் குடுமியும் தாமே வெட்டிப் பார்க்கட்டும்.

பழுதுபார்ப்பில் மிஞ்சிய பழைய மரத்தை விறகாக்க வேண்டாம். குறியெண்ணும் எடுத்த நாளும் எழுதிய தகட்டைக் கட்டி, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திய சட்டங்கள்மேல், ஒவ்வொரு அடுக்குக்கும் இடையே குச்சி வைத்துக் காற்றோட்டமாக அடுக்குங்கள். அடுத்த ஒட்டுக்கு அதே இனம், அதே ஈரம், அதே வயது கொண்ட மரம் கட்டடத்தின் சொந்தக் கிடங்கிலேயே கிடைக்கும்.